ஒரு தோல் அதிகம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வெங்காயக்கா என்று பெயர். உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அதைப் பதிவேட்டைத் தவிர யாரும் சீண்டுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, ஊர்க் காய்கறிக் கண்காட்சி முடிந்த மறுவாரம், குழந்தைத் தலை அளவு வெங்காயங்களைச் சாக்கில் கட்டி எடுத்து வந்து கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பாள். எல்லாரும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் யாராவது ஒருத்தி வந்து கேட்பாள்.

"ஏன்க்கா, இது வெங்காயமா, தண்ணிப் பானையா? நறுக்கினா கண்ணுல ஒரு சொட்டு வரல, வாயில வச்சா ஒரு ருசியும் இல்ல."

"கண்காட்சி வெங்காயம் திங்கறதுக்கு இல்லடி."

"அப்ப எதுக்கு?"

"என் உசிரை வாங்கறதுக்கு."

கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஊரில் கேட்டால் அதைப் பூட்டுக்காரர் வெங்காயம் என்பார்கள். பூட்டுக்காரர் அவளுடைய கணவர். கடைத்தெருவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை வைத்து முப்பது வருடம் பூட்டுத் திறந்து, சாவி செய்து பிழைத்தவர். அரத்தைக் கையில் எடுத்தால் சாவியின் பல் மயிரிழை பிசகாது. நாலு வருடத்துக்கு முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, கடையை மூடிவிடுங்கள் என்றார். மூடினார். வெங்காயத்தையும் மூடிவிடுங்கள் என்று சொல்ல அந்தப் புண்ணியவான் டாக்டருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவள் குனிந்திருக்கிறாள். யோசனை அவருடையது, இடுப்பு அவளுடையது.

வம்பு விதையிலேயே ஆரம்பிக்கும். கடையில் உறையில் போட்டு விற்கும் விதை கண்காட்சிக்கு ஆகாது, அது உருளைக்கிழங்கு அளவோடு நின்றுகொள்ளும். நல்ல விதை தபால்காரரிடம் இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, இருந்தாலும் தபால்காரர்தான். கண்காட்சியில் முதல் பரிசு அவருக்கென்றே எழுதி வைத்தது போல வருடா வருடம் வாங்குவார். தன்னுடைய காய்களிலேயே சிறந்த இரண்டை எடுத்து வைத்து, மறுபடி நட்டு, பூக்கவிட்டு, விதை எடுப்பார். அந்த விதையை விற்கமாட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டால் கொடுப்பார். கேட்பது என்றால் லேசில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய முழங்கால் வலியையும், வெள்ளம் வந்த வருடம் கழுத்தளவுத் தண்ணீரில் அவர் கடிதம் கொடுத்த கதையையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும். முப்பது விதை கைக்கு வருவதற்குள் அவளுக்கே முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

பூட்டுக்காரர் அங்கே போகமாட்டார். "தோத்தவன் போய் ஜெயிச்சவன்கிட்ட கை நீட்டறதா?" என்பார். அவள் போய் நீட்டினால் பரவாயில்லை போலிருக்கிறது.

வருடக் கடைசி வாரத்தில் விதைக்கவேண்டும். வெளியே குளிர் என்பதால் குழித்தட்டுகளுக்குப் படுக்கை அறையில் இடம். அவற்றின் மேல் ஒரு குழல்விளக்கு, நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரியவேண்டும். அணைத்தால் நாற்று வெளிச்சம் தேடி நீண்டு நோஞ்சானாகிவிடுமாம். பகல் போல எரியும் விளக்கடியில் இரண்டு மாதம் அவள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். நாற்றுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அவளுக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் வந்தது.

அதற்கப்புறம் பாத்தி. இரண்டடி ஆழம் கொத்தி, எருவைக் கலந்து, சலித்து, மட்டம் பார்த்து, இருபத்து நாலு நாற்றை நட்டு, தாள் மடிந்துவிடாமல் ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பி வளையம் போடவேண்டும். காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் ஊற்றுவாள். தாளைத் தாளாக விலக்கி, பொட்டு அளவு பூச்சிகளைத் தேடி நசுக்குவாள். ஏழு மணிக்குச் சலவைக்கூடம். அங்கே ஆளுயர உருளை இயந்திரத்தில் ஈரப் போர்வைகளைத் தேய்த்து மடிக்கும் வேலை, மூன்று மணி வரை நின்றபடி. வெந்து நொந்து திரும்பினால் நாற்காலியிலிருந்து குரல் வரும்: "ஏழாவது செடி லேசா சாயுது, பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் அளவு நாடாவால் ஒவ்வொரு காயின் சுற்றளவையும் எடுக்கவேண்டும். அவள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. வெங்காயத்தின் இடுப்பு மட்டும் வாரம் தவறாமல் நோட்டில் ஏறியது.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. கடற்கரை ஊரில் இருக்கிறாள், ரயிலில் ஆறு மணி நேரம். அவள் வீட்டு மாடியில் சும்மா கிடக்கும் ஓர் அறை, ஒரு கட்டில், ஜன்னலைத் திறந்தால் கடல். நாலு வருடமாகப் போனில் ஒரே பேச்சுதான்.

"அக்கா, இந்த வருஷமாவது வருவியா?"

"வெங்காயத்தை விட்டுட்டு எப்படிடி வர்றது?"

"கைக்குழந்தை வச்சிருக்கிறவகூட வர்றா. நீ வெங்காயம் வச்சிருக்கேன்னு கதை சொல்ற."

அந்தக் கட்டிலில் பத்து நாள் படுத்துத் தூங்கவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. நகை கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. யாரும் எழுப்பாத பத்து நாள் தூக்கம் கேட்டாள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள், எருக் கூடையைத் தூக்கியவள் இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் பூட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். அவர் பதினேழு கண்காட்சி பார்த்தவர். எட்டு முறை இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு முறைகூட இல்லை.

"ஒரே ஒரு தடவை முதல் பரிசு வரட்டும். மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுத்துடறேன். உன் மேல சத்தியம்."

அதிலிருந்து அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. வெங்காயத்தைத் தலைமுழுகுவதற்காகவே வெங்காயம் வளர்த்தாள். உலகத்தில் வேறு எவளாவது இப்படி ஒரு வேலையை, அது முடிந்து தொலையவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

இந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. தபால்காரரின் காய்களுக்குக் கழுத்தழுகல் நோய் வந்து பாதிக்கு மேல் போய்விட்டது. இங்கே இருபத்து நாலில் மூன்று, ஒரே அச்சில் வார்த்தது போல வந்திருந்தன. கண்காட்சியில் பெரிய மதிப்பு மூன்று காய்ப் பிரிவுக்குத்தான். ஒரு காய் பெரிதாக இருந்தால் போதாது, மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும். அவள் ஒரு கம்பியை வளையமாக வளைத்து மூன்றையும் அதில் நுழைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே மாதிரி உரசிக்கொண்டு இறங்கின.

கண்காட்சிக்குப் பதினைந்து நாள் முன்னால் காய்களைப் பிடுங்கினாள். வேரை நறுக்கி, தளர்ந்த மேல் சருகை மட்டும் நீக்கி, இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்து, முகப்பவுடர் பூசி, வெட்டிய குழாய்த் துண்டுகளின் மேல் உட்கார வைத்தாள். தினம் ஒரு முறை திருப்பி வைக்கவேண்டும். அப்போதுதான் வெளித்தோல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் காய்ந்து தங்க நிறம் பிடிக்கும். அந்த நிறத்துக்குப் பதினைந்து நாள் வேண்டும். கடைசி நேரத்தில் இன்னொரு தோலை உரித்தால் அடியிலிருந்து வெளிறிய பச்சைத் தோல் வரும், அது ஒரே நாளில் நிறம் மாறாது. அதனால் கடைசி நாளில் காயைத் தொடக்கூடாது. வெங்காயம் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே பூட்டுக்காரர்தான்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது தபால்காரர் பார்க்க வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூன்றையும் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் அண்ணனுக்குத்தான். நடுவர் கண்ணை மூடிட்டு எழுதலாம்," என்று பெருமூச்சு விட்டார். அவளிடம் திரும்பி, "உன் கை ராசிம்மா," என்றார்.

அவர் போன கையோடு அவள் தங்கைக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்டி. பத்து நாள். லீவும் சொல்லிட்டேன். கட்டிலுக்கு நல்ல விரிப்பாப் போடு, தேய்ச்ச விரிப்பு வேண்டாம், எனக்குத் தேய்ச்ச விரிப்பைப் பாத்தாலே குமட்டுது." பேசிவிட்டுத் திரும்பியபோது பூட்டுக்காரர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அன்று சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துகொண்டார். பரிசு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றம் என்று அவள் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஓர் இயந்திரம் பழுதாகிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மணிக்கு அவள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

பூட்டுக்காரர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மூன்றாவது காய். வலது கைக் கட்டைவிரல் நகத்தைக் கழுத்துக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் செருகி, கீழே வேர் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். தங்க நிறத் தோல் நாடா போலக் கழன்று வந்தது. காயைச் சிறிது திருப்பினார். மறுபடி நகத்தைச் செருகினார், மறுபடி இழுத்தார். கடையில் அவர் சாவி செய்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதே கை, அதே நிதானம். கை நடுங்கவே இல்லை.

அப்போதே கூப்பிட்டிருந்தால் பாதித் தோலாவது மிஞ்சியிருக்கும், ஆனால் பார்ப்பது என்ன என்று மனசுக்கு எட்டுவதற்குள் முழுக்க உரித்து முடித்துவிட்டார். அப்புறம்தான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. காய் மேஜையில் உருண்டது.

"ஒரு சின்னப் புள்ளி இருந்துச்சு," என்றார். "எடுத்துடலாம்னு பாத்தேன். கை நடுங்கி முழுசா வந்துடுச்சு."

மற்ற இரண்டும் தங்கமாக உட்கார்ந்திருக்க, நடுவில் அது மட்டும் வெளிறிப்போய், பச்சை வரி ஓடக் கிடந்தது.

"விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார்.

அடுத்த வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தவேண்டும் என்று இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

மீதி இருந்த இருபத்தொன்றில் எதுவும் அந்த இரண்டுக்கும் ஜோடி சேரவில்லை. எல்லாவற்றையும் கம்பி வளையத்தில் நுழைத்துப் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை காலை, உரித்த காயையே நடுவில் வைத்துக் கொண்டு போனார்கள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நீள மேஜைகளில் கறுப்புத் துணி விரித்து, ஒவ்வொருவர் காய்க்கும் முன்னால் ஓர் அட்டை. அவர்கள் அட்டையில் "வளர்த்தவர்" என்று அச்சடித்த இடத்தில் பூட்டுக்காரர் பெயர். நடுவர் வந்தார், கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், நாடா போட்டார். மூன்றாவது காயைத் தொடவே இல்லை. தொடாமலே உதட்டைப் பிதுக்கினார். அட்டையில் எழுதினார்: "இரண்டு காய்கள் மிகச் சிறப்பு. ஒரு காய் அதிகம் உரிக்கப்பட்டுள்ளது." மூன்றாம் பரிசு. பாதிக்கு மேல் அழுகிப் போனதில் எதையோ தேற்றிக் கொண்டு வந்திருந்த தபால்காரருக்கே முதல் பரிசு.

தபால்காரருக்கு அதை வாங்கக் கை கூசியது. "அண்ணே, இது உங்களுது," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். பாவம், கை அப்படி. இந்த நடுக்கத்தோட இந்த அளவுக்குக் கொண்டு வந்ததே பெரிசு. மனுஷனுக்கு என்ன மனத் தெம்பு. பூட்டுக்காரர் நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவளிடம் ஒருத்தி வந்து, "நீங்கதான் அவரை நல்லாப் பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வெங்காயக்கா சரி என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. மூன்று காயும் பெட்டியில், பெட்டி அவள் மடியில்.

"கை நடுங்கல," என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து உரிக்கறப்ப உங்க கை நடுங்கல. நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

இரண்டு நிறுத்தம் போயிற்று. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள்.

"நடுக்கம் நெஜம்," என்றார் கடைசியில். "நாலு வருஷமும் நடிச்சேன்னு நெனச்சுடாத. எப்பவாவது தானா நின்னுடும். நேத்து நின்னுச்சு."

"நின்ன நேரத்துல அதைத்தான் பண்ணத் தோணுச்சா?"

"ஜெயிச்சிருந்தா தோட்டம் போயிருக்கும். கடை ஏற்கனவே போச்சு. நீ ரயில் ஏறிப் போயிடுவ. காலைல எந்திரிச்சு நான் எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? சுவத்தையா?"

இதைக் கேட்டால் தனக்குக் கொதிக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கொதிக்கவில்லை. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது, கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று.

"இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நான் என்ன மரமா?"

"சொன்னா, சரி இன்னும் வளப்போம்னு சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

அவள் மடியில் இருந்த பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"ஜெயிச்சாத்தான் எனக்கு விடிவுன்னு நானும் ரெண்டு வருஷமா நம்பிட்டுக் கெடந்தேன் பாருங்க, அதுதான் பைத்தியக்காரத்தனம். இப்ப தோத்தாச்சு. தோத்தாலும் திங்கக்கிழமை நான் போறேன். திரும்பி வந்தாலும் தோட்டத்துப் பக்கம் காலை வைக்கமாட்டேன். பாத்தியும் வேண்டாம், விதைக்குப் போய் அவர் வெள்ளக் கதையைக் கேக்கறதும் வேண்டாம். என்னால முடியலங்க. இதுக்கு மேல முடியல."

"அப்ப வெங்காயம்?"

"அட்டைல உங்க பேர்தானே இருக்கு. நீங்க பாத்துக்கோங்க."

பேருந்தைவிட்டு இறங்கியதும் பெட்டியைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொன்னார். அவள் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை நாலரைக்குப் பழக்கதோஷத்தில் கண் விழித்துக்கொண்டது. பக்கத்தில் படுக்கை காலி. பின்கதவுத் தாழ்ப்பாளோடு அவர் மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் தட்டியது, நழுவியது, மறுபடி தட்டியது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கண்காட்சி முடிந்த மறுநாளே பாத்தியைக் கொத்திப் புரட்டிப் போட்டால்தான் அடுத்த நடவுக்கு மண் ஆறும். இத்தனை வருடமும் அதைச் செய்தது அவள்.

மண்வெட்டி ஒரு முறை விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. பிறகு இன்னொன்று. வெட்டு ஆழம் போகவில்லை என்று படுத்தபடியே அவளுக்குத் தெரிந்தது. மேல்மண்ணைத்தான் சீய்க்கிறார். இந்த லட்சணத்தில் ஒரு வாரம் ஆகும், அதற்குள் எங்கேயாவது விழுந்து வைத்தாலும் வைப்பார். அவள் கால்கள் அவளைக் கேட்காமலே கட்டிலைவிட்டுக் கீழே இறங்கித் தரையைத் தொட்டுவிட்டன. குளிர்ந்த தரை. அவற்றைத் தூக்கி மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்த வெட்டு விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். விழுந்ததும் மூச்சை விட்டாள். போய்ப் பிடுங்கி நாலு வெட்டு வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் என்ன என்று கை துருதுருத்தது. போனால் அவ்வளவுதான், அப்புறம் என்றைக்கும் போகவேண்டும். கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டு, இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழு மணி வரை அவள் எழுந்திருக்கவில்லை. நாலு வருடத்தில் அவள் பார்த்த வேலைகளிலெல்லாம் அவளை ரொம்பக் களைக்க வைத்த வேலை அதுதான்.